தச்சர் வீட்டுக் கடிகாரம்

ஜான் ஹாரிசன் என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் அவரைப் பற்றி ஏறக்குறைய ஒரே கதையைத்தான் சொல்வார்கள். நடுக்கடலில் கப்பல் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு கடிகாரம் செய்தார். தனி ஆளாகப் போராடினார். படித்த பெரிய மனிதர்கள் பரிசுப் பணத்தைக் கொடுக்காமல் இழுத்தடித்தார்கள். கடைசியில் ராஜாவே தலையிட்டார். அப்படியே சினிமா எடுக்கலாம். டாவா சோபெல் 1995-ல் எழுதிய 'லாங்கிட்யூட்' புத்தகத்துக்குப் பிறகு இந்தக் கதை உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

கதை பொய் இல்லை. ஆனால் அதில் இரண்டு விஷயங்கள் எப்போதும் அடிபட்டுப் போகின்றன. ஒன்று, அந்த மனுஷர் விஞ்ஞானி இல்லை, தச்சர். இரண்டு, அவர் தனி ஆள் இல்லை. அப்பா, தம்பி, மனைவி, மகன் என்று ஒரு குடும்பமே அந்தக் கடிகாரத்துக்குள் இருக்கிறது. இந்த இரண்டையும் கழித்துவிட்டு 'தனிமையில் போராடிய மேதை' என்று பட்டம் கொடுப்பது கேட்க நன்றாக இருக்கும். அவர் வாழ்ந்த வாழ்க்கைக்கு அது பொருந்தாது.

ஹாரிசன் பிறந்தது 1693-ல், இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் மாவட்டத்தில் ஃபௌல்பி என்கிற சின்ன ஊரில். அப்பா ஹென்றி தச்சர். பக்கத்தில் இருந்த பெரிய பண்ணை வீட்டுக்கு வேலை செய்து கொடுத்தவர். பிறகு குடும்பம் லிங்கன்‌ஷயரில் ஹம்பர் நதிக்குப் பக்கத்தில் பாரோ என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. ஐந்து பிள்ளைகளில் ஜான்தான் மூத்தவர். மூத்த பையன் என்ன செய்வான்? அப்பாவின் தொழிலைக் கற்றுக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக் குழு, மணி அடிக்கும் வேலை, மற்ற நாட்களில் மரவேலை. எந்தக் கடிகாரக்காரரிடமும் அவர் தொழில் பழகியதாகத் தெரியவில்லை.

இருபது வயதில், 1713-ல், ஆள் உயரக் கடிகாரம் ஒன்றைச் செய்து முடித்தார். உள்ளே இருக்கும் இயந்திரம் கிட்டத்தட்ட முழுக்க மரம்! பல்சக்கரம்கூட மரம்தான். இதே மாதிரி 1715-லும் 1717-லும் செய்தவையும் இன்றைக்கு வரை பத்திரமாக இருக்கின்றன.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மரத்தில் பல்சக்கரம் செய்தால் என்ன ஆகும்? மரத்துக்கு நார் ஓடும் திசை ஒன்று உண்டு. வட்டமாக ஒரு பலகையை வெட்டிச் சுற்றிலும் பல் செதுக்கினால், சில பற்களில் நார் நீளவாக்கில் இருக்கும். அவை உறுதியாக நிற்கும். மற்ற பற்களில் நார் குறுக்கே போகும். அவை லேசாகத் தட்டினாலே பிய்ந்துவிடும். ஹாரிசன் என்ன செய்தார் தெரியுமா? ஓக் மரத்தில் சக்கரத்தைச் செய்து, விளிம்பில் பள்ளம் வெட்டி, பற்களைத் தனித்தனித் துண்டுகளாகச் செய்து பொருத்தினார். எல்லாப் பல்லிலும் நார் வெளிப்பக்கம் பார்த்து ஓடும்படி வைத்தார். எந்தக் கல்லூரியிலும் சொல்லிக் கொடுக்காத பாடம் இது. மரத்தோடு பிறந்து வளர்ந்த கைக்குத்தான் இது வரும்.

அடுத்தது இன்னும் சுவாரஸ்யம். 1720 வாக்கில் பிராக்கில்ஸ்பி பார்க் என்ற எஸ்டேட்டின் குதிரை லாயத்துக்கு ஒரு கோபுரக் கடிகாரம் கேட்டார்கள். அந்தக் காலத்தில் எந்தக் கடிகாரமானாலும் எண்ணெய்தான் பெரிய தலைவலி. குளிரில் கெட்டியாகும், வெயிலில் இளகும், நாள் ஆக ஆகப் பிசுபிசுக்கும், கடிகாரம் நின்றுவிடும். நல்ல எண்ணெய் கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் மற்றவர்கள் யோசித்தார்கள். ஹாரிசன் எண்ணெயே வேண்டாம் என்று யோசித்தார். லிக்னம் வைட்டே என்று ஒரு வெப்ப மண்டல மரம் இருக்கிறது. கல் மாதிரி கெட்டி. தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். அதன் உடம்பிலேயே எண்ணெய்ப் பசை உண்டு. சக்கரங்கள் உரசித் தேயும் இடங்களில் அந்த மரத்தை வைத்தார். கடிகாரம் இன்றும் அதே இடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. முந்நூறு வருஷம்!

இதைத் தம்பி ஜேம்ஸ் இல்லாமல் சொல்ல முடியாது. பதினொரு வயது இளையவர், அண்ணனோடு சேர்ந்து மரவேலை செய்தவர். 1720-களின் கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து செய்த ஊசல் கடிகாரங்கள் மாதத்துக்கு ஒரு நொடி அளவுக்குத்தான் பிசகின. சூட்டில் உலோகம் நீளும், ஊசல் மெதுவாகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த பிரச்சினை. பித்தளைக் கம்பியையும் எஃகுக் கம்பியையும் மாற்றி மாற்றி அடுக்கி, ஒன்று நீள்வதை இன்னொன்று ஈடுகட்டும்படி செய்தார்கள்.

சரியாக ஓடுகிறதா என்று எதை வைத்துச் சோதிப்பது? ஊரில் அதைவிட நல்ல கடிகாரம் கிடையாது. தொலைநோக்கி வாங்கக் காசு கிடையாது. வீட்டு ஜன்னல் சட்டத்தின் ஓரம் ஒரு பக்கம், பக்கத்து வீட்டுப் புகைபோக்கி இன்னொரு பக்கம். ராத்திரி கண் விழித்து, குறிப்பிட்ட நட்சத்திரம் அந்தப் புகைபோக்கிக்குப் பின்னால் மறையும் நொடியைக் குறித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு ராத்திரியும் நட்சத்திரம் முந்தின நாளைவிட 3 நிமிஷம் 56 நொடி முன்னதாக மறைய வேண்டும். கடிகாரம் அதையே காட்டினால் சரி. செலவு ஒரு பைசா இல்லை, தூக்கம் மட்டும்தான். :-)

வீட்டிலும் எல்லாம் சுமுகமாக இல்லை. 1718-ல் கல்யாணம், அடுத்த வருஷம் ஒரு மகன். 1726-ல் மனைவி எலிசபெத் இறந்துவிட்டார். கையில் சின்னப் பையன். அதே வருஷ முடிவில் இன்னொரு எலிசபெத்தைக் கல்யாணம் செய்துகொண்டார். அவர்தான் கடைசி வரைக்கும், ஏறக்குறைய ஐம்பது வருஷம், கூட இருந்தவர். 1728-ல் வில்லியம் பிறந்தான், பிறகு ஒரு மகள். முதல் மனைவியின் மகன் இருபது வயதைத் தொடாமலே போய்விட்டான். புத்தகங்களில் இதெல்லாம் இரண்டு வரியில் முடிந்துவிடும். ஆனால் அந்த இரண்டு வரிக்கு நடுவில்தான் உலகத்தின் மிகத் துல்லியமான கடிகாரங்கள் செய்யப்பட்டன.

இனி பணத்துக்கு வரலாம்.

கப்பலில் அட்சரேகையைச் சூரியனையோ துருவ நட்சத்திரத்தையோ பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். கிழக்கு மேற்காக எங்கே இருக்கிறோம் என்கிற தீர்க்கரேகைதான் சிக்கல். பூமி ஒரு மணி நேரத்தில் 15 டிகிரி சுற்றுகிறது. கப்பலில் இப்போது மணி என்ன, அதே நொடியில் புறப்பட்ட ஊரில் மணி என்ன, இந்த இரண்டும் தெரிந்தால் கணக்குப் போட்டுவிடலாம். புறப்பட்ட ஊரின் நேரத்தைப் பல வாரம் பிசகாமல் சுமந்து போகும் கடிகாரம்தான் இல்லை. 1707-ல் சில்லி தீவுகளின் பாறைகளில் மோதி நான்கு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் மூழ்கின, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1714-ல் பாராளுமன்றம் சட்டம் போட்டது: அரை டிகிரிக்குள் சரியாகச் சொல்லும் வழிக்கு 20,000 பவுண்டு பரிசு. அந்தக் காலத்தில் அது ராஜபோகம்.

இதற்காக ஒரு வாரியம் அமைத்தார்கள். அந்த வாரியம் முதல் தடவை முறையாகக் கூடியதே 1737-ல்தான். சட்டம் வந்து 23 வருஷம் கழித்து! கூட வைத்தது ஹாரிசன் சகோதரர்கள் செய்த முதல் கடல் கடிகாரம். 34 கிலோ. 1736-ல் லிஸ்பன் வரை போய் வந்தது. திரும்பி வரும்போது கரை தெரிந்ததும் கப்பல்காரர்கள் ஒரு முனையின் பெயரைச் சொன்னார்கள், ஹாரிசன் இல்லை என்று வேறு ஒரு முனையின் பெயரைச் சொன்னார். ஹாரிசன் சொன்னதுதான் சரி. கப்பல்காரர்களின் கணக்கு அறுபது மைல் தள்ளிப் போயிருந்தது.

வாரியத்தில் எல்லோரும் புகழ்கிறார்கள். உடனே மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பிச் சோதித்துப் பரிசைக் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். மனுஷர் எழுந்து என்ன சொன்னார்? தன் கடிகாரத்தில் இருக்கும் குறைகளைத் தானே பட்டியல் போட்டார். இன்னும் சின்னதாக, நன்றாகச் செய்ய இரண்டு வருஷமும் கொஞ்சம் பணமும் போதும் என்றார். 500 பவுண்டு தருவதாகச் சொன்னார்கள், பாதி முன்பணம், பாதி பொருளைக் கொடுத்த பிறகு.

வியாபாரம் படிக்கிற எவருக்கும் இதைப் படித்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். வாங்குகிறவரே திருப்தி என்று சொன்ன பிறகு, விற்கிறவர் "இல்லை, இதில் ஓட்டை இருக்கிறது" என்கிறார். இரண்டாவது கடிகாரத்திலும் அதேதான். செய்து முடித்த பிறகு அடிப்படையில் ஒரு தவறு இருப்பதை அவரே கண்டுபிடித்து ஒதுக்கி வைத்துவிட்டார். அது கடலுக்கே போகவில்லை. மூன்றாவதற்குப் பத்தொன்பது வருஷம். 753 பாகங்கள். ஆகவே தாமதம் முழுக்க வாரியத்தின் சதி என்று சொல்பவர்கள் கணக்கைச் சரியாகப் பார்க்கவில்லை. முதல் இருபது வருஷத் தாமதத்துக்குக் காரணம் ஹாரிசனேதான். நல்ல தொழில்காரரிடம் வேலை கொடுத்தவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். பொருள் அவர் மனசுக்குப் பிடிக்காமல் கையை விட்டுப் போகாது.

வீணாகவும் போகவில்லை. வெவ்வேறு உலோகத் தகடு இரண்டை ஒட்டிச் செய்த பட்டை அந்த மூன்றாவது கடிகாரத்துக்காக அவர் கண்டுபிடித்தது. அயர்ன் பாக்ஸ் சூடானதும் தானாக அணைகிறதே, பெரும்பாலும் அதற்குள் இருப்பது அந்தப் பட்டையின் வாரிசுதான். கூண்டுக்குள் உருளைகள் வைத்த பேரிங்கும் அப்படியே.

பிறகுதான் யாரும் எதிர்பார்க்காத திருப்பம். 1759-ல் நாலாவது கடிகாரத்தை முடித்தார். உள்ளங்கையில் வைக்கலாம் போல, 13 சென்டிமீட்டர் குறுக்களவு, ஒன்றரை கிலோகூட இல்லை. முப்பது வருஷம் பெரிய இயந்திரங்களோடு மல்லுக்கட்டிவிட்டு, அறுபது வயதுக்கு மேல், "வழி இது இல்லை, சின்னதாக வேகமாகத் துடிக்கும் கைக்கடியாரம்தான் வழி" என்று மனதை மாற்றிக்கொண்டது சாதாரண விஷயமா?

அதை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனவர் மகன் வில்லியம். அப்பாவுக்கு அப்போது 68 வயது. 1761 நவம்பரில் கப்பல் கிளம்பி ஜமைக்காவுக்குப் போனது. 81 நாளில் கடிகாரம் பிசகியது 5 நொடி சொச்சம். திரும்பி வரும்போது கடும் புயல். பெட்டிக்குள் தண்ணீர் புகாமல் இருக்க வில்லியம் கடிகாரத்தைக் கம்பளியால் சுற்றி வைத்தார். கம்பளி நனைந்தால் அதைத் தானே போர்த்திப் படுத்துத் தன் உடம்புச் சூட்டில் காய வைத்தார் என்று சொல்வார்கள். காய்ச்சலோடுதான் ஊர் வந்து சேர்ந்தாராம்.

வாரியம் சொன்னது: அதிர்ஷ்டமாக இருக்கலாம், இன்னொரு தடவை போய் வாருங்கள்.

போனார். 1764-ல் பார்படோஸ். 47 நாளில் பிசகு 39 நொடி. பரிசுக்குத் தேவையானதைவிட மூன்று மடங்கு துல்லியம். அங்கே கரையில் வானத்தைப் பார்த்துக் கணக்குச் சரிபார்க்கக் காத்திருந்தவர்களில் ஒருவர் நெவில் மாஸ்கலின். நிலாவை வைத்துத் தீர்க்கரேகை கண்டுபிடிக்கும் போட்டி முறையின் ஆதரவாளர். அடுத்த வருஷமே அவர் அரசு வானியலாளர் ஆகி, அந்தப் பதவியால் வாரியத்திலும் உட்கார்ந்துவிட்டார். போட்டியாளரே நடுவர்!

1765-ல் புதுச் சட்டம். பாதிப் பணம் 10,000 வேண்டுமானால் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டு ஒவ்வொரு பாகத்தையும் விளக்க வேண்டும், நான்கு கடிகாரங்களையும் ஒப்படைக்க வேண்டும். மீதிப் பாதிக்கு, அதே மாதிரி நகல் செய்து காட்ட வேண்டும். ஆகஸ்ட் மாதம் லண்டன் ரெட் லயன் சதுக்கத்தில் இருந்த ஹாரிசன் வீட்டுக்கே ஆறு நிபுணர்கள் வந்தார்கள், மாஸ்கலினும் உண்டு. 72 வயதுக்காரர் தன் வாழ்நாள் வேலையைத் திருகு திருகாகக் கழற்றிக் காட்டினார். அடுத்த வருஷம் பழைய மூன்று கடிகாரங்களையும் எடுத்துப் போக ஆட்கள் வந்தார்கள். முதல் கடிகாரத்தைத் தூக்கும்போதே கீழே போட்டுவிட்டார்கள். மற்றவை ஸ்பிரிங் இல்லாத வண்டியில் லண்டன் தெருக்களில் குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேர்ந்தன.

இங்கே வாரியத்தின் பக்கத்து நியாயத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரே ஒரு கடிகாரம் ஒரே ஒரு கப்பலைத்தான் காப்பாற்றும். பொது மக்கள் பணத்தில் 20,000 பவுண்டு கொடுக்கும்போது, இவர் இறந்துவிட்டால் இந்த வித்தையும் இவரோடு போய்விடுமா என்று கேட்பது தப்பே இல்லை. அதுவும் ஹாரிசனுக்கு எழுத வராது. அவர் எழுதியதைப் படித்தால் கண்ணைக் கட்டும், ஒரு வாக்கியம் பக்கக் கணக்கில் போகும். அவருடைய அறிவு கையில் இருந்தது, காகிதத்தில் இல்லை.

தப்பு எங்கே என்றால், பந்தயம் கட்டிய பிறகு எல்லைக் கோட்டை நகர்த்தியதில். 1714-ல் சொன்ன சோதனையை அவர் முடித்துவிட்டார், ஒரு தடவைக்கு இரண்டு தடவை. நகல் எடுக்கும் வித்தை வேண்டுமென்றால் அதற்குத் தனி விலை பேசியிருக்க வேண்டும். செய்த பொருளுக்குக் கூலி கொடுக்கும்போது, "உன் கையில் இருக்கும் வித்தையையும் சேர்த்துக் கொடு, அதற்கு முன்னால் பாதிக் கூலிதான்" என்று சொன்னார்கள். அந்த வித்தைதான் ஒரு தொழில்காரரின் மூலதனமே. இதே வேலையை லார்கம் கெண்டல் என்ற கடிகாரக்காரர் நகல் எடுத்து 1769-ல் முடித்தார். 500 பவுண்டு உடனே கிடைத்தது. அந்த நகலைத்தான் கேப்டன் குக் 1772-ல் இரண்டாவது உலகப் பயணத்துக்கு எடுத்துப் போனார், திரும்பி வந்து மனதாரப் பாராட்டினார்.

மொத்தக் கணக்கைப் பார்த்தால் ஹாரிசன் ஏழையாகச் சாகவில்லை. வாரியம் அவ்வப்போது கொடுத்தது 4,315 பவுண்டு. 1737-லிருந்து 1765 வரை என்று வைத்து வகுத்தால் வருஷத்துக்கு 150 சொச்சம். பித்தளை, எஃகு, வைரக்கல், ஆள் கூலி, வீட்டுச் செலவு எல்லாம் இதில்தான். பிறகு 10,000. மீதி? 1770-ல் வில்லியத்தின் துணையோடு ஐந்தாவது கடிகாரத்தையும் முடித்துவிட்டு, 1772-ல் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு வில்லியம் கடிதம் எழுதினார். ராஜா தன் சொந்த வானாய்வுக் கூடத்தில் பத்து வாரம் வைத்துச் சோதித்தார். நாளுக்கு மூன்றில் ஒரு நொடிக்கு மேல் பிசகவில்லை. 1773-ல் பாராளுமன்றம் 8,750 பவுண்டு கொடுத்தது. ஆக மொத்தம் 23,065. ஆனால் அது அன்பளிப்பாக வந்த பணம். 'பரிசு ஜான் ஹாரிசனுக்கு' என்று வாரியம் கடைசி வரை அறிவிக்கவே இல்லை. யாருக்குமே அறிவிக்கவில்லை. எண்பது வயதில் வந்த பணத்தை வைத்துக்கொண்டு தச்சர் என்ன செய்வார்?

இந்தக் கணக்கில் ஒரு பெயருக்கு நேராக எதுவும் எழுதப்படவில்லை. வில்லியம். அப்பா மூன்றாவது கடிகாரத்தைத் தொடங்கும்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. கணக்குத் தீர்ந்தபோது 45. பட்டறையில் வளர்ந்து, இரண்டு தடவை அட்லாண்டிக் கடலைத் தாண்டி, வாரியத்தின் முன்னால் பேசி, மனு எழுதி... ஒருவருடைய இளமை முழுக்க இன்னொருவர் வேலைக்குப் போயிருக்கிறது. வற்புறுத்தலா, விருப்பமா? அப்பா தொழிலை மூத்த பிள்ளை எடுப்பது ஜானுக்குக் கேள்வியாகவே இருந்திருக்காது, வில்லியத்துக்கும் அப்படித்தான் இருந்திருக்கலாம். ஆனாலும் ஹாரிசனின் ஐம்பது வருஷம் என்று சொல்லும்போது, அதில் வில்லியத்தின் முப்பது வருஷமும் உண்டு என்று யாராவது சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

1775-ல், இறப்பதற்கு முந்தின வருஷம், ஹாரிசன் ஒரு புத்தகம் போட்டார். தன் முறையில் ஊசல் கடிகாரம் செய்தால் நூறு நாளில் ஒரு நொடிக்கு மேல் பிசகாது என்று அதில் இருந்தது. கிழவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்கிற ரீதியில் கேலி செய்தார்கள். அந்த முறைப்படி மார்ட்டின் பர்கெஸ் என்பவர் செய்யத் தொடங்கிய கடிகாரத்தை 2015-ல் கிரீன்விச்சில் சீல் வைத்து நூறு நாள் ஓடவிட்டுப் பார்த்தார்கள். பிசகியது ஒரு நொடியில் எட்டில் ஐந்து பங்கு. கின்னஸ் சாதனை.

அவருடைய முதல் மூன்று கடல் கடிகாரங்களும் துருப்பிடித்துக் கிடந்து, 1920-ல் ரூபர்ட் கோல்ட் என்ற கடற்படை அதிகாரி கண்ணில் பட்டு, அவர் பல வருஷம் உட்கார்ந்து சுத்தம் செய்து ஓட வைத்தது தனிக் கதை. இன்றும் கிரீன்விச்சில் அவை ஓடுகின்றன. பரிசை வென்று கொடுத்த நாலாவது மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு எண்ணெய் வேண்டும், ஓட விட்டால் தேயும்.

1776 மார்ச் 24, தன் 83-வது பிறந்த நாளன்று, ரெட் லயன் சதுக்கத்து வீட்டில் ஹாரிசன் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அவருக்கு நினைவுக் கல் வைத்தது 2006-ல், 230 வருஷம் கழித்து. அவரைப் புதைத்த இடம் லண்டனில் ஹாம்ப்ஸ்டெட் செயின்ட் ஜான் சர்ச். பக்கத்திலேயே மனைவி எலிசபெத், பின்னாளில் மகன் வில்லியம், ஒரே கல்லறையில் மூன்று பேர். அது பாழாகிக் கிடந்ததைப் பார்த்து 1879-ல் லண்டன் கடிகாரக்காரர்கள் சங்கம் தன் செலவில் புதுப்பித்துக் கட்டியது. ஹாரிசன் அந்தச் சங்கத்தில் ஒருநாள்கூட உறுப்பினராக இருந்ததில்லை.